பகலில் தொடங்க வேண்டிய பாடம்

பள்ளி ஒன்றுக்குத் தொலைநோக்கி வந்து சேர்கிறது. பெட்டியைத் திறந்ததும் குழாய், முக்காலித் தாங்கி, இரண்டு மூன்று கண்ணருகு வில்லைகள், ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறு கையேடு ஆகியவை வெளிவருகின்றன. அன்றிரவே வான்காட்சி நடைபெறும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதப்படுகிறது. இருட்டியபின் மாணவர்கள் வரிசையாக நிற்கின்றனர். பெற்றோர் சிலரும் வந்திருக்கின்றனர். ஆசிரியர் குழாயை வியாழனை நோக்கித் திருப்புகிறார். உள்ளே வெறும் இருள்தான் தெரிகிறது. எந்தத் திருகு எதற்கு உரியது என்பது இருட்டில் விளங்கவில்லை. ஒருவாறு மங்கலான ஒளிவட்டம் ஒன்று அகப்படுகிறது. முதல் மாணவன் குழாயைக் கையால் பற்றிக்கொண்டு கண்ணை வைத்தவுடன் அதுவும் மறைந்துவிடுகிறது. ஒன்பது மணிக்குள் வரிசை கலைந்துபோகிறது. மறுநாள் கருவி அலமாரிக்குள் செல்கிறது. அதற்குப் பின் ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு நாளன்று மட்டுமே அது வெளிச்சத்தைக் காண்கிறது.

இத்தகைய முடிவுக்குப் பெரும்பாலும் கருவியின் குறையைக் காரணமாகச் சொல்வார்கள். விலை மலிவானது, வில்லை தரமற்றது, தாங்கி ஆடுகிறது என்பார்கள். இவற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் முதற்காரணம் வேறு. முன்பின் பழகாத ஒரு கருவியை, கைக்கும் கண்ணுக்கும் ஒருசேர உதவி மறுக்கப்படும் நேரத்தில் முதன்முதலாக எடுத்ததே அக்காரணம். தொலைநோக்கி இரவுக்குரிய கருவி என்பது பொதுவான எண்ணம். அதைப் பயன்படுத்தும் நேரத்தைப் பற்றி இவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. கற்கும் நேரத்தைப் பற்றி அது முற்றிலும் தவறானது. தொலைநோக்கியின் முதற்பாடம் பகலில்தான் நடைபெற வேண்டும். அப்பாடம் முடியாமல் எந்தப் பள்ளியிலும் இரவு வான்காட்சிக்கு ஏற்பாடு செய்யலாகாது.

இரவு ஏன் நல்லாசிரியன் அன்று

புதிதாகக் கற்பவனுக்கு இரவு மூன்று இடையூறுகளைச் செய்கிறது. முதலாவது, கருவியின் உறுப்புகளே அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டாவது, அவன் தேடும் பொருள் பரந்த கரிய வெளியில் ஒரு புள்ளியாக இருக்கிறது. பகலில் குழாய் குறி தவறினாலும் ஒரு மரக்கிளையோ சுவரோ தெரியும். அதிலிருந்து, குறி எந்தப் பக்கம் தவறியது என்று அறியலாம். இரவில் குறி தவறினால் எதுவும் தெரியாது. தவற்றின் அளவும் தெரியாது, திசையும் தெரியாது.

மூன்றாவது இடையூறு பூமியின் சுழற்சி. வானப் பொருள்கள் மணிக்கு 15 பாகை வீதம் நகர்வதாகத் தோன்றுகின்றன. அதாவது நான்கு நிமிஷங்களுக்கு ஒரு பாகை. கண்ணருகு வில்லையின் வழியே தெரியும் பரப்பு ஒரு பாகை அகலமுடையது என்று கொண்டால், அதன் நடுவில் நிறுத்திய வியாழன் ஏறத்தாழ இரண்டு நிமிஷங்களில் விளிம்பைக் கடந்துவிடும். நாற்பது மாணவர்கள் வரிசையில் நிற்கும்போது ஆசிரியர் எத்தனை முறை கருவியைத் திருத்த வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நிற்கும் பொருளை நடுவில் கொண்டுவரப் பழகாத கை, நகரும் பொருளை எங்ஙனம் தொடரும்? பகலில் தெரியும் மின்கம்பிக் கோபுரமோ மேல்நிலை நீர்த்தொட்டியோ எங்கும் நகர்ந்துவிடுவதில்லை. பத்து மாணவர்கள் பத்து முறை தவறினாலும் அது அங்கேயே காத்திருக்கும்.

முன்னோர் கற்ற முறை

பகலில் கற்பது புதுமையான யோசனை அன்று. தொலைநோக்கியின் வரலாறே அவ்வாறுதான் தொடங்கியது. கலிலியோ 1609ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெனிஸ் நகரப் பிரமுகர்களைப் புனித மார்க்கு ஆலயத்தின் மணிக்கூண்டின் மேல் அழைத்துச் சென்று தம் கருவியின் வழியே காணச் செய்தார். அவர்கள் கண்டது விண்மீன்களை அன்று. பட்டப்பகலில் கடலில் வந்துகொண்டிருந்த கப்பல்களையே கண்டனர். வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதற்கு இரண்டு மணி நேரத்திற்கும் முன்னதாகவே அக்கப்பல்கள் கருவியில் தெரிந்தன. அக்கருவி பொருள்களை ஏறத்தாழ எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டியது. பின்னர் அதைவிடச் சிறந்த கருவிகளைச் செய்து, அவ்வாண்டு நவம்பர் இறுதியிலிருந்து அவர் சந்திரனை ஆராய்ந்தார். 1610 ஜனவரி 7ஆம் நாள் வியாழனின் துணைக்கோள்களைக் காணத் தொடங்கினார். கோபுரமும் கப்பலும் முதலில்; வியாழன் பிறகு. இந்த வரிசையைப் பள்ளிகள் தலைகீழாக மாற்றிவிட்டன.

களப்பணியாளர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகில் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் நில அளவையின் காலந்தொட்டு, இந்நாட்டின் அளவையாளர்கள் பகல் வெளிச்சத்தில்தான் தொலைநோக்கியைக் கையாளக் கற்றிருக்கிறார்கள். தியோடலைட்டும் லெவல் கருவியும் தொலைநோக்கிகளே. வானிலைத் துறையின் நோக்கர், மேலே செல்லும் பலூனைத் தியோடலைட்டின் வழியே தொடர்ந்து கோணங்களைக் குறிக்கிறார். நகரும் பொருளைத் தொடர்வது எளிதன்று. எனவே அவரும் திசை தெரிந்த ஒரு நிலையான குறியைக் கொண்டு கருவியை ஒழுங்கு செய்த பின்னரே பலூனை விடுகிறார். இப்பழக்கம் அளவைத் துறையிலிருந்து பள்ளிக்கூடம் வரை வந்து சேரவில்லை என்பதே குறை. ஒரே ஊரில் அளவையாளர் ஒருவரும் அறிவியல் ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார்கள். ஆசிரியரின் கருவி அலமாரியில் உறங்குவது அளவையாளருக்குத் தெரியாது. அளவையாளர் அரை மணியில் அதை இயக்கிக் காட்டக்கூடும் என்பது ஆசிரியருக்குத் தோன்றுவதில்லை.

சூரியனைப் பற்றிய முதல் விதி

பகற்பாடத்திற்கு ஓர் ஆபத்து உண்டு. அதை மறைத்தோ சுருக்கியோ கூறுதல் தகாது. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணின் பாவை சுருங்கி இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் அகலமே இருக்கும். 50 மில்லிமீட்டர் வில்லையுடைய சிறு தொலைநோக்கி அந்தப் பாவையைவிட ஏறத்தாழ 400 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. அந்த ஒளியும் வெப்பமும் சூரியனிடமிருந்து நேரே கண்ணுக்குள் சென்றால் விழித்திரை வெந்துபோகும். விழித்திரைக்கு வலியை உணரும் ஆற்றல் இல்லை. ஆகையால் எச்சரிக்கை ஏதுமின்றியே பார்வை கெடும். அவ்வாறு கெட்ட பார்வையை மருத்துவத்தால் மீட்பது அரிது.

ஆகவே முதல் விதி இது: கருவியைக் கட்டடத்தின் நிழலில், சூரியன் கட்டடத்திற்கு அப்பால் மறைந்திருக்கும்படி நிறுத்துக. காலையில் கட்டடத்தின் மேற்புறத்தில் நின்று மேற்கே நோக்குக. மாலையில் கிழக்குப் புறத்தில் நின்று கிழக்கே நோக்குக. அவ்வாறு நிறுத்தினால், கை தவறிக் குழாய் எங்கே திரும்பினாலும் சுவர்தான் தெரியும். நிழலின் விளிம்பில் தரையில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு இடுக. சூரியன் நகர நகர நிழல் சுருங்கி அக்கோட்டிலிருந்து விலகும். அது முக்காலியின் காலை நெருங்கினால் பாடத்தை நிறுத்திவிடுக. பார்வை நேரம் தவிர ஏனைய நேரங்களில் பெரிய குழாய்க்கும், அதன் முதுகில் அமர்ந்திருக்கும் சிறிய தேடு குழாய்க்கும் மூடி இட்டிருக்க வேண்டும். ஆசிரியர் அகலும்போது கருவியையும் உள்ளே கொண்டுசெல்ல வேண்டும்.

சில மலிவான கருவிகளுடன், கண்ணருகு வில்லையில் திருகிப் பொருத்தும் கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று சூரியனைப் பார்ப்பதற்கென்று வருவதுண்டு. திரண்ட வெப்பம் முழுவதும் விழுமிடத்தில் அது இருப்பதால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கக்கூடும். பெட்டியைத் திறந்தவுடன் அதை உடைத்தெறிவதே முறை. கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு தொலைநோக்கியில் பார்ப்பதும் அதே அளவு ஆபத்தானது. அக்கண்ணாடி வெறுங்கண்ணுக்கென்று செய்யப்பட்டது. சூரியனைக் காண்பதற்குக் குழாயின் முன்முகப்பு முழுவதையும் மூடும் தகுந்த வடிகட்டி வேண்டும். அல்லது பிம்பத்தை வெள்ளை அட்டையில் வீழ்த்திக் காணும் முறையைத் தேர்ந்த ஒருவரிடம் கற்க வேண்டும். அது வேறொரு நாளைக்குரிய தனிப்பாடம். முதற்பாடத்தில் சூரியனுக்கு இடமே இல்லை.

ஒரு காலைப் பொழுதின் பயிற்சி

இனி, அப்பயிற்சியில் கற்க வேண்டியவை எவை என்பதைப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, பொருளருகு வில்லையின் அகலம் 50 மில்லிமீட்டரும் குவிய தூரம் 500 மில்லிமீட்டரும் உள்ள ஒரு கருவியைக் கொள்வோம். 2009ஆம் ஆண்டு அனைத்துலக வானியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது மாணவர்களுக்கென உருவாக்கப்பட்ட கலிலியோஸ்கோப் என்னும் எளிய கருவியும் இந்த அளவினதே. இதனுடன் 20 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் குவிய தூரமுள்ள இரு கண்ணருகு வில்லைகள் இருப்பதாகக் கொள்வோம்.

வெயில் ஏறுவதற்கு முன் தொடங்குவது நல்லது. தரை சூடேறியபின் காற்றில் கானல் அலைகள் எழுந்து, தொலைவிலுள்ள பொருள்களை நீருக்குள் கிடப்பவை போல நெளியச் செய்யும். பழைய அளவையாளர்களும் இதனால் இடர்ப்பட்டவர்களே. எவரெஸ்ட் தம் அளவையில் பகலில் ஹீலியோட்ரோப் என்னும் கண்ணாடிக் கருவியின் மினுக்கத்தையும் இரவில் விளக்குகளையும் குறியாகக் கொண்டார். கருவி நன்றாக இருந்தும் காட்சி நடுங்குமானால் பிழை காற்றினுடையது என்பதை மாணவன் இங்கேயே அறிந்துகொள்கிறான். இரவில் விண்மீன் துடிப்பதற்கும் இதுவே காரணம் என்று அப்போது சொன்னால் அவனுக்கு எளிதில் விளங்கும்.

பார்க்கும் பொருள் ஒரு கிலோமீட்டர் தொலைவிலேனும் இருத்தல் வேண்டும். கோபுரக் கலசம், மின்கம்பிக் கோபுரத்தின் பீங்கான் தட்டுகள், குன்றின் மேலுள்ள தனிமரம் ஆகியன ஏற்றவை. மக்கள் வாழும் வீடுகளை நோக்கிக் கருவியைத் திருப்பலாகாது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

முதலில் 20 மில்லிமீட்டர் வில்லையையே பொருத்த வேண்டும். பொருளருகு வில்லையின் குவிய தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவிய தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். ஆகவே 20 மில்லிமீட்டர் வில்லை 25 மடங்கும், 10 மில்லிமீட்டர் வில்லை 50 மடங்கும் பெரிதாக்கும். எண் பெரிதாக இருந்தால் பெருக்கமும் பெரிதாக இருக்கும் என்று கருதிப் பலர் மயங்குகின்றனர். வேறு சிலர், பெருக்கம் மிகுந்தால் காட்சியும் சிறக்கும் என்றெண்ணித் தொடக்கத்திலேயே சிறிய வில்லையைப் பொருத்துகின்றனர். சாதாரணக் கண்ணருகு வில்லையில் 25 மடங்கில் ஏறத்தாழ இரண்டு பாகை அகலம் தெரியும். 50 மடங்கில் ஒரு பாகைதான் தெரியும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் இவை முறையே 35 மீட்டர், 17 மீட்டர் அகலங்களாகும். பெருக்கம் கூடக்கூடச் சாளரம் குறுகுகிறது, ஒளி மங்குகிறது, நடுக்கமும் பெருகுகிறது. இவை மூன்றையும் ஒரே மின்கம்பிக் கோபுரத்தைக் கொண்டு ஐந்து நிமிஷங்களில் கண்ணால் காணச் செய்யலாம்.

அடுத்தது குவியப்படுத்துதல். திருகை மெல்லத் திருப்பி, உருவம் கூர்மையடைந்து மீண்டும் மங்கும் வரை சென்று, பின்பு திரும்பி வர வேண்டும். கூர்மையான நிலையில் குழாயின் மீது பென்சிலால் ஒரு கோடு இடுவது மிகவும் பயனுள்ள செயல். இதன் காரணத்தை எண்களால் விளக்கலாம். பத்து மீட்டர் தொலைவிலுள்ள பொருளைக் கூர்மையாக்க, கண்ணருகு வில்லையை வானப் பொருளுக்குரிய நிலையிலிருந்து 26 மில்லிமீட்டர் வெளியே இழுக்க வேண்டும். 50 மீட்டர் தொலைவுக்கு 5 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குக் கால் மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே காலையில் தொலைவுக் கோபுரத்திற்கு இட்ட கோடு, இரவில் சந்திரனுக்கும் வியாழனுக்கும் ஏறத்தாழப் பொருந்தும். இருளில் முதலில் அக்கோட்டுக்குத் திருகைக் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்துவிடும். வகுப்பறைச் சுவரில் ஒட்டிய படத்தை நோக்கிக் கருவியைச் சரிசெய்துவிட்டு இரவில் வானை நோக்கியவர்களுக்கு, விண்மீன் ஏன் மங்கிய தட்டாகத் தெரிந்தது என்பதும் இப்போது விளங்கும்.

தேடு குழாயைச் சரிசெய்வதிலும் இதே படிப்பினை உண்டு. பெரிய குழாயில் கலசத்தின் நுனியை நடுவில் நிறுத்தி, கருவியை அசையாமல் இறுக்கி, தேடு குழாயின் திருகுகளால் அதே நுனியை அதன் குறுக்குக் கோடுகளின் மேல் கொண்டுவர வேண்டும். இரு குழாய்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். பத்து மீட்டர் தொலைவிலுள்ள பொருளைக் கொண்டு இதைச் செய்தால், இரு குழாய்களும் ஒன்றையொன்று நோக்கி அரைப் பாகைக்குச் சற்று மேற்பட்டுச் சாய்ந்துவிடும். அன்றிரவு தேடு குழாயின் நடுவில் வியாழனை நிறுத்தினால், 50 மடங்குப் பெருக்கத்தில் அது காட்சிப் பரப்புக்கு வெளியே இருக்கும். ஒரு கிலோமீட்டர் தொலைவுப் பொருளைக் கொண்டு சரிசெய்தால் இப்பிழை நூறில் ஒரு பங்காகிவிடும்; அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தொடக்கத்தில் கூறிய ஆசிரியருக்கு வியாழன் அகப்படாமற்போனதற்குப் பெரும்பாலும் இத்தகைய சிறு பிழையே காரணமாக இருக்கும்.

உருவம் தலைகீழாகத் தெரிவது மாணவர்களை முதலில் திகைக்க வைக்கும். கருவி பழுதென்றும் சிலர் கருதுவர். வானத்தில் மேலும் கீழும் என்பது பெரிய பொருட்டன்று என்பதாலும், உருவத்தை நிமிர்த்த மேலும் வில்லைகளைச் சேர்த்தால் சிறிது ஒளி இழப்பாகும் என்பதாலும் வான் தொலைநோக்கிகளில் அவ்வாறே விடப்படுகிறது. பழைய லெவல் கருவிகளிலும் உருவம் தலைகீழாகத் தெரிந்தது. அவற்றில் நேராகப் படிக்கும்பொருட்டு ஸ்டாஃப் என்னும் அளவுகோலில் எண்களைத் தலைகீழாகவே எழுதிய காலமும் உண்டு. கோபுரத்தின் மேல் பறந்து வரும் காகம் வலப்புறமிருந்து வந்தாலும் கருவியில் இடப்புறமிருந்து நுழையும். பொருளை நடுவுக்குக் கொண்டுவரக் குழாயை எப்பக்கம் தள்ள வேண்டும் என்பதை அறிவு எண்ணிச் சொல்லும்வரை காத்திராமல் கை தானே அறியும் அளவுக்குப் பழக்கம் வர வேண்டும். சைக்கிள் கற்பது போன்றது இது; இருட்டில் எவரும் சைக்கிள் கற்கத் தொடங்குவதில்லை.

இறுதியாக, பகலில் மட்டுமே செய்யக்கூடிய ஓர் அழகிய சோதனை உண்டு. நிழற்பக்கத்து வெளிர்வானை நோக்கிக் கருவியை நிறுத்தி, கண்ணை ஒரு சாண் பின்னே வைத்துக்கொண்டு கண்ணருகு வில்லையைப் பார்த்தால், அதன் நடுவே சிறிய ஒளிவட்டம் ஒன்று மிதப்பது தெரியும். கருவி திரட்டும் ஒளி முழுவதும் வெளியேறும் வாசல் அது. அதன் அகலத்தை அளவுகோலால் அளந்தால் 25 மடங்குப் பெருக்கத்தில் 2 மில்லிமீட்டர் இருக்கும். பொருளருகு வில்லையின் அகலமான 50ஐ 2ஆல் வகுத்தால் 25 கிடைக்கிறது. பெட்டியின் மேல் எத்தனை நூறு மடங்கு என்று அச்சிட்டிருந்தாலும், கருவியின் உண்மையான பெருக்கத்தை மாணவன் தானே அளந்தறியலாம். அந்த ஒளிவட்டம் தன் கண்பாவையில் பொருந்துமாறு கண்ணை வைக்க வேண்டும் என்பதையும், குழாயைத் தொடாமல் நிற்க வேண்டும் என்பதையும் இதனாலேயே அவன் உணர்கிறான்.

பகலிலேயே சந்திரன்

இவற்றைக் கற்றபின் வானத்திற்குச் செல்ல இரவு வரை காத்திருக்கவும் தேவையில்லை. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள்களில் சந்திரன் நண்பகலளவில் உதித்து, மாலை நான்கு மணிக்குக் கிழக்குப் பக்கமாக உயர்ந்து நிற்கும். அப்போது சூரியன் அதிலிருந்து ஏறத்தாழ 90 பாகை விலகி மேற்கே இருக்கும். பள்ளிக் கட்டடத்தின் கிழக்கு நிழலில் நின்றபடியே, வெளிர்நீல வானில் பாதிச் சந்திரனையும், அதன் ஒளிக்கும் இருளுக்கும் இடையிலுள்ள எல்லையோரக் குழிகளையும் காணலாம். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய காலை வேளைகளில் மேற்குப் பக்கத்தில் அதே காட்சி கிடைக்கும். நாட்காட்டியைப் பார்த்தால் நாள் தெரிந்துவிடும். இரவில் வர இயலாத மாணவிகளுக்கும், தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளுக்கும் பள்ளி நேரத்திலேயே வானம் திறக்கிறது. இதைவிடச் சிறந்த நன்மை வேறு என்ன வேண்டும்?

மறுப்புகள்

பகலில் கருவியை வெளியே எடுத்தால் பிள்ளைகள் சூரியனை நோக்கிவிடுவார்களே என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் கருவியைப் பூட்டிவைப்பது அதற்குப் பரிகாரம் ஆகாது. கிரகண நாளன்று பூட்டுகள் தாமே திறந்துகொள்கின்றன. 2019 டிசம்பர் 26ஆம் நாள் கங்கண கிரகணம் கேரளத்தின் வடபகுதியிலிருந்து கோயமுத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகச் சென்றது. இனி 2031 மே 21ஆம் நாள் மற்றொரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவின் வழியே செல்ல இருக்கிறது. அன்று ஊரிலுள்ள ஒவ்வொரு குழாயும் வெளியே வரும். சூரியனைப் பற்றிய விதியைப் பல ஆண்டுகள் கடைப்பிடித்துப் பழகிய ஆசிரியரின் கையில் அது வருவதா, அன்று காலையில்தான் உறை பிரித்தவரின் கையில் வருவதா என்பதே கேள்வி. பிள்ளைகளின் கண்கள் அக்கேள்விக்கான விடையைச் சார்ந்திருக்கின்றன.

கோபுரத்தைப் பார்ப்பது வானியல் ஆகுமா என்று கேட்போரும் உண்டு. கருவியை அறிந்து அதன் பிழைகளை அளந்தபின் நோக்குவது எல்லா அறிவியலுக்கும் பொதுவான ஒழுக்கம். அன்றியும், பகல் வானியலுக்கு உரியதன்று என்பது உண்மையுமன்று. கொடைக்கானல் ஆய்வகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சூரியனையே நோக்கி வந்திருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் ஆரமாக வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான்.

பாடத்திட்டத்தில் இதற்கு நேரமில்லை என்பது மூன்றாவது மறுப்பு. வில்லைகள், குவிய தூரம், பிம்பம், உருப்பெருக்கம், கோணம் ஆகியவை பாடநூலில் ஏற்கெனவே உள்ளன. கரும்பலகையில் வரையும் கதிர்ப்படத்திற்குச் செலவாகும் நேரத்தில் ஒரு பகுதியை முற்றத்திற்கு மாற்றினால் போதுமானது.

செய்யத்தக்கவை

கருவி வழங்கும் அலுவலகங்கள் அத்துடன் இரு பக்க அளவிலான பகற்பாடக் குறிப்பு ஒன்றை அந்தந்த மாநில மொழியில் சேர்த்தனுப்ப வேண்டும். ஆங்கிலக் கையேடு பெட்டியோடு வந்து பெட்டியோடு போகிறது. உறுப்புகளின் பெயரைத் தாய்மொழியில் எழுதிக் கருவியிலேயே ஒட்டிவிட்டால், அடுத்து வரும் ஆசிரியருக்கும் அது உதவும். சூரியனைப் பற்றிய எச்சரிக்கை கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதற்குப் பதிலாகக் குழாயின் மேலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரி, 1874 டிசம்பர் 9ஆம் நாள் நிகழவிருந்த வெள்ளியின் இடைமறிப்பைப் பற்றி முன்கூட்டியே ஒரு சிறு நூல் எழுதினார். அது ஆங்கிலத்தில் மட்டுமன்றி இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவந்தது. அந்நிகழ்ச்சியும் பகலில், சூரியனின் முகத்தின்மீது நடைபெற்றதே. வானம் காட்டும் காட்சிக்கு மக்களை அவர்கள் மொழியிலேயே முன்னதாக ஆயத்தம் செய்ய வேண்டும் என்று அவர் கருதினார். அக்கருத்து இன்றும் பழமையடைந்துவிடவில்லை.

வட்டந்தோறும் உள்ள அளவையாளர், பொறியாளர், வானிலை நோக்கர் ஆகியோருள் ஒருவரை ஆண்டுக்கு ஒரு காலைப் பொழுது பள்ளிக்கு அழைப்பது கடினமன்று. அவர்கள் கையிலுள்ள பழக்கம் எந்தக் கையேட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. ஆசிரியர்கள் தம் பங்குக்கு, அடுத்த வளர்பிறை அஷ்டமிக்கு ஒரு வாரம் முன்பாக அலமாரியைத் திறக்கலாம். முதல் நாள் காலை நிழலிலே கோபுரக் கலசம். எட்டாம் நாள் மாலை நிழலிலே சந்திரன். இவ்விரண்டையும் முடித்தபின் இரவு வான்காட்சிக்கு அறிவிப்பு எழுதினால், வரிசையில் முதலில் நிற்கும் மாணவனும் கடைசியில் நிற்கும் மாணவனும் வியாழனைக் கண்டுவிட்டே வீடு திரும்புவர்.